வடக்கு போடாத வீடு

செவ்வாய்க்கிழமை

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

இங்கே நான், வாலு, அப்பா மூவரும் சுகம். நீங்களும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, நனைந்த காலுறையோடு படுக்காமல், சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வாடகை வீட்டில் இருந்துகொண்டு உங்களை வீட்டுக்காரர் என்று சொல்ல இத்தனை நாள் எனக்குக் கொஞ்சம் கூச்சம்தான். இனிமேல் கூச்சமில்லை. நீங்கள் வரைந்து அனுப்பிய வீட்டுப் பிளான் நேற்று வந்து சேர்ந்தது.

உறையைப் பிரித்த கையோடு வாலு அதைத் தரையில் விரித்து, மடங்கிக்கொள்ளாமல் இருக்க மூலைக்கொரு டம்ளரை வைத்துவிட்டாள். நாலாம் வகுப்புப் படிக்கிறாள் என்றுதான் பேர், அதிகாரமெல்லாம் என்ஜினீயர் மாதிரி. பாலம் கட்டுகிற இடத்தில் படம் வரைகிறவர் வரைந்த வீடாயிற்றே, கோடெல்லாம் மயிரிழை பிசகாமல் இருக்கிறது. எந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பதற்குக்கூட வளைவு போட்டிருக்கிறீர்கள். ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு மீட்டர் என்று அளவுகோலும் எழுதியிருக்கிறீர்கள். எல்லாம் சரி, வடக்கு எங்கே? கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடிவிட்டேன். அம்புக்குறியைக் காணோம். என் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் வடக்கு போடாமல் படம் வரைந்தால் அரை மதிப்பெண் குறைப்பது வழக்கம். உங்களுக்கும் சிவப்பு மையால் குறைத்துவிட்டேன். அப்பாவுக்கு அம்மா அரை மார்க் குறைச்சிட்டாங்க என்று வாலு தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

விளையாட்டு போதும், விஷயத்துக்கு வருகிறேன். போன கடிதத்தில் மனை இருக்கிற இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டையும் எழுதியிருந்தீர்கள். அட்லஸை எடுத்து விரல் வைத்துப் பார்த்தேன். என் நகத்துக்கு அடியிலேயே ஓர் ஆறும் ஒரு மலையும் ரயில் பாதையும் போய்விட்டன. இருப்பிடம் தெரிந்துவிட்டது, சந்தோஷம். ஆனால் இருப்பிடத்தை வைத்துக்கொண்டு கடிதம் அனுப்பலாம், குடிவர முடியாது. குடிவருகிறவளுக்கு வேறு சில விஷயங்கள் தெரிய வேண்டும். காலையில் கண் விழித்தால் என்ன சத்தம் கேட்கும்? காற்று எந்தப் பக்கமிருந்து வரும், வரும்போது எதன் வாசனையைக் கொண்டுவரும்? மழை பெய்தால் தண்ணீர் எங்கே போய் நிற்கும்? பக்கத்து வீட்டில் யார், வாய் விட்டுப் பேசுகிறவர்களா, கதவைச் சாத்திக்கொள்கிறவர்களா? வாசலில் இருக்கும் தெரு எப்படிப்பட்டது? போனில் சொல்லலாம் என்று இருந்துவிடாதீர்கள். உங்கள் ஆற்றங்கரையில் சிக்னல் பாதி வார்த்தையை விழுங்கிவிடுகிறது. மீதிப் பாதியை வாலு பேசிவிடுகிறாள்.

வகுப்பில் இப்போது தூரம் நடத்திக்கொண்டிருக்கிறேன். வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம் என்று எழுதிவரச் சொன்னேன். எல்லாரும் கிலோமீட்டரில் எழுதிவர, கடைசி பெஞ்சுக்காரி ஒருத்தி மட்டும் அம்மாகூட வந்தா கிட்ட, தனியா வந்தா தூரம் என்று எழுதியிருந்தாள். முழு மதிப்பெண் போட்டேன். நீங்கள் போனதிலிருந்து உங்கள் ஊரும் எனக்கு அந்தக் கணக்கில்தான் தூரமாக இருக்கிறது.

இதை அப்பாவிடம் சொன்னபோது சிரித்தார். ஆயுசு முழுவதும் நெடுந்தூர பஸ் ஓட்டியவருக்குக் கிலோமீட்டர் எம்மாத்திரம்? அவருக்குத் தூரம் என்றால் வழியில் எத்தனை ஏற்றம், எங்கே டீ, எங்கே கியர் மாற்ற வேண்டும் என்பதுதான். அம்மா போனபிறகு நம்மிடம் வந்து, முன் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தவர், இன்றும் அங்கேயேதான். எதிரே பஸ் நிறுத்தம் இருப்பதால் அவருக்குப் பொழுது போவதே தெரிவதில்லை. இவன் கிளட்ச்ல கால வச்சுக்கிட்டே ஓட்டுறான், வண்டி என்னத்துக்கு ஆகும் என்று தினம் ஒரு டிரைவருக்காவது திட்டு விழுகிறது.

பிளானை அவரிடமும் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வாசலில் விரலை வைத்தார். கூடம், சமையலறை, நம் அறை, வாலுவின் அறை என்று ஒவ்வொன்றாகப் போய், வாசலை ஒட்டி வலது பக்கம் இருக்கிற சாமான் அறையையும் பார்த்துவிட்டு மறுபடி வாசலுக்கே வந்தார். மாப்பிள்ளை நல்லா வரைஞ்சிருக்காரு என்றார். பழைய மடிப்பிலேயே மடித்து என் கையில் கொடுத்தார். வேறு எதுவும் கேட்கவில்லை.

குளிர்காற்றில் தலையை மூடிக்கொள்ளுங்கள். வடக்கை மறக்காமல் எழுதுங்கள்.

இப்படிக்கு,
அரை மதிப்பெண் குறைத்த
உங்கள் டீச்சரம்மா


சனிக்கிழமை

அன்புள்ள உங்களுக்கு,

நலம். உங்கள் பதில் இன்னும் வரவில்லை. வரட்டும், அவசரமில்லை. ஆனால் இங்கே நடந்ததைச் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். உங்களுக்கு முன்னால் நாங்கள் வீட்டைக் கட்டிவிட்டோம்.

தூரம் முடிந்து அளவுகோல் பாடம் வந்தது. காகிதத்தில் ஒரு விரற்கடை இருப்பது தரையில் எவ்வளவு என்று எத்தனை முறை சொன்னாலும் பிள்ளைகள் மண்டையில் ஏறவில்லை. சரி, கண்ணால் பார்க்கட்டும் என்று நம் பிளானை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். ஓட்டப்பந்தயத்துக்குக் கோடு போடுகிற சுண்ணாம்புத் தூள் விளையாட்டு அறையில் மூட்டையாகக் கிடந்தது. தலைமையாசிரியையிடம் கேட்டேன். வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்னு சொல்லுவாங்க, நீங்க ரெண்டாவத முடிச்சிட்டீங்க, முதலாவதையும் பண்ணிக்குங்க என்று அனுமதி கொடுத்துவிட்டார். டிராயிங் மிஸ் நூல் பிடிக்க, பிள்ளைகள் டேப்பை இழுக்க, முழு அளவில் நம் வீடு தரையில் எழும்பியது. நீங்கள்தான் வடக்கு போடவில்லையே, புத்தகத்தில் இருக்கிறபடி தாளின் மேல்பக்கம் வடக்கு என்று வைத்துக்கொண்டேன். அதனால் வாசல் தெற்கே சைக்கிள் நிறுத்துமிடத்தைப் பார்த்து அமைந்தது.

வாசல் வழியாகத்தான் வர வேண்டும் என்று சட்டம் போட்டேன். ஒருவன் கவனிக்காமல் நேரே கூடத்துக்குள் நடந்துவிட்டான். மிஸ், இவன் சுவத்த இடிச்சிட்டான் என்று வகுப்பே புகார் சொன்னது. வாலு பாதி வகுப்பிலிருந்து எழுந்துவந்து தன் அறையில் நின்றுகொண்டு, தட்டிட்டு வாங்க என்று பெரிய பிள்ளைகளை அதட்டினாள். அவர்களும் காற்றைத் தட்டிவிட்டுப் போனார்கள். சமையலறையில் நானும் டிராயிங் மிஸ்ஸும் நின்று பார்த்தோம். இதுல ரெண்டு பொம்பளைங்க நின்னா மூணாவது நாள் சண்டை வரும் என்றார் அவர். காகிதத்தில் தாராளமாகத் தெரிந்தது, காலடியில் ஒடுங்கிவிட்டது. சமையலறையை ஒரு முழமாவது தள்ளிக் கட்டச் சொல்லுங்கள்.

ஒரு விஷயம் என்னை யோசிக்க வைத்தது. முந்தின நாள்வரை அது வெறும் தரை. மதியம் போய்ப் பார்க்கிறேன், பிள்ளைகள் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு கூடத்தில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். இருவருக்குள் சமையலறை மூலைக்குச் சண்டை. தண்ணீர் பாட்டிலை எங்கே விட்டாய் என்றால் மிஸ் ரூம்ல என்று பதில் வருகிறது. கோட்டைப் போட்டு ஒரு பேரை வைத்த மாத்திரத்தில் வெறும் பரப்பு இடமாகிவிடுகிறது. இத்தனை வருஷமாக இதை நான் புத்தகத்தைப் பார்த்து நடத்தியிருக்கிறேன், நேரில் பார்த்தது இதுதான் முதல் தடவை.

சாயங்காலம் வாலுவை அழைத்துப்போக அப்பா வந்தார். உள்ளே வாங்கப்பா, மாப்பிள்ளை கட்டுன வீடு என்றேன். வாசல் கோட்டருகே செருப்பைக் கழற்றி வைத்தார். நான் சிரித்துவிட்டேன், ஆனால் அவர் சிரிக்கவில்லை. அறை அறையாகச் சுற்றிப் பார்த்தார். நல்ல காத்தோட்டம் என்று கேலியும் செய்தார். வாட்ச்மேன் ஒரு நாற்காலி கொண்டுவந்து கொடுத்தார். அதைக் கையில் வாங்கிக்கொண்டு ஒரு கணம் கூடத்தில் நின்றார். நம் அறைப் பக்கம் பார்த்தார், வாலு அறைப் பக்கம் பார்த்தார். பிறகு வாசல் வழியாக வெளியே போய், வீட்டைச் சுற்றிக் கிழக்கே நடந்து, கோட்டுக்கு அப்பால் பள்ளிக்கூடக் கேட்டைப் பார்த்து நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

தாத்தா, நீங்க வீட்டுக்கு வெளிய உக்காந்திருக்கீங்க என்று வாலு கத்தினாள். இங்க உக்காந்தாத்தான் ரோடு தெரியுது என்றார். நான் டேப்பைச் சுற்ற ஆரம்பித்தேன். அது சிக்கிக்கொண்டது.

அக்கா போன் செய்தாள். நாம் அங்கே வந்துவிட்டால் அப்பா தன்னிடம் வந்து இருக்கட்டும் என்கிறாள். நல்ல மனசோடுதான் கூப்பிடுகிறாள், குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் அவள் வீடு உங்களுக்குத் தெரியும். மாடிக்குமேல் மாடி, லிப்ட் கிடையாது. ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்துச் சுவரும் அதில் இறங்குகிற குழாயும்தான். அப்பா பாப்போம் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார். மறுநாள் தன் தகரப் பெட்டியின் பூட்டுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். எதுக்குப்பா என்றேன். துரு ஏறிடுச்சும்மா என்றார்.

வாலுவுக்கு வீட்டுப்பாடம், நம்ம ஏரியா எதுவரைக்கும் என்று எழுதிவர வேண்டும். நான் விளக்கம் சொல்ல வாயெடுப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார். எதுவரைக்கும் நம்மளப் பாத்து நாய் குரைக்கலையோ அதுவரைக்கும் நம்ம ஏரியா என்றார். அவள் அப்படியே எழுதிக்கொண்டு போய்விட்டாள். அந்தக் கணக்கில் உங்கள் ஊர் நாய்களுக்கு நாங்கள் மூவரும் கொஞ்ச நாள் வேண்டாதவர்களாகத்தான் இருப்போம். மூவரும் என்று கை தானாக எழுதிவிட்டது. அடிக்க மனம் வரவில்லை, அப்படியே விட்டுவிடுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் டீச்சரம்மா


வியாழக்கிழமை

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

உங்கள் பதில் வந்தது. என் இரண்டாவது கடிதம் உங்கள் கைக்கு வருவதற்கு முன்பே போட்டது என்று தேதியைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். முதல் கடிதத்தில் கேட்டதற்கெல்லாம் ஒன்றுவிடாமல் பதில் எழுதியிருக்கிறீர்கள். வகுப்பில் இருந்தால் உங்களைத்தான் லீடராகப் போடுவேன். பக்கத்து வீட்டில் தையல்காரரும் அவர் மனைவியும், வாய் ஓயாது என்கிறீர்கள். நல்லது, எனக்கும் ஓயாது. ஆற்றுக் காற்றில் சிமென்ட் வாசனை. மழைத் தண்ணீர் சரிவில் ஓடிவிடும், நிற்காது. வீட்டு வாசல் கிழக்கே பார்க்கிறது. ஆக, நான் போட்ட வடக்கு தப்பு. வீட்டைத் தெற்கே திருப்பி உட்கார வைத்துவிட்டேன். எனக்கும் அரை மதிப்பெண் குறைத்துக்கொண்டேன், நாம் சமம்.

தெருவைப் பற்றித்தான் தயங்கித் தயங்கி எழுதியிருக்கிறீர்கள். வாசலை ஒட்டியே சாலை போகிறது, அங்கே ஓர் ஏற்றம், பாலத்துக்குக் கல் ஏற்றிவரும் லாரிகள் விடிந்ததிலிருந்து நம் வீட்டுக்கு நேரே வந்துதான் கியர் மாற்றுகின்றன, உனக்குத் தூக்கம் கெடும் என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். அந்தச் சத்தத்துக்கு மறைப்பாகத்தான் முன்பக்கம் ஜன்னலே வைக்காமல் சாமான் அறையைப் போட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். யோசித்துத்தான் செய்திருக்கிறீர்கள், உங்களைக் குறை சொல்ல மாட்டேன்.

அதை நான் சத்தமாகப் படித்தேன். அப்பா வாய்க்குக் கொண்டுபோன டீயைக் கீழே வைத்தார். ஏத்தம் எந்தப் பக்கம்னு எழுதியிருக்காரா என்று கேட்டார். இல்லைப்பா என்றேன். லோடு வண்டியா இருந்தா ரெண்டாவதுலயே ஏறணும், நடுவுல மாத்துனா பின்னால இழுக்கும் என்றார். ரோடு வளைவா, நேரா? லாரி போகும்போது ஆள் முகம் தெரியுமா? சாப்பிடும்போதும் அந்த ஏற்றத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். அம்மா போனபிறகு அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. பார்க்காத ஊரின் ஒரு சாலையில், உட்கார்ந்த இடத்திலிருந்தே, அவர் வண்டி ஓட்டிவிட்டு வந்தார். கையலம்பிவிட்டு வந்ததும் பழையபடி ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொண்டார்.

நேற்று மைதானத்தில் வீட்டைத் திருப்பினோம். பழைய கோட்டைக் கூட்டிப் பெருக்கிவிட்டு, வாசல் கிழக்கே வரும்படி புதிதாகப் போட்டோம். நாங்கள் பின்பக்கத்திலிருந்து தொடங்கி நூல் பிடித்துக்கொண்டிருந்தபோதே அப்பா வந்துவிட்டார். அன்றைக்கு உட்கார்ந்த அதே இடத்தில், ரோடு தெரிகிற இடத்தில், நாற்காலியைப் போட்டுக்கொண்டார். நம் வீடு அகலத்தைவிட நீளம் அதிகம் அல்லவா? திருப்பியதும் முன்பக்கம் கிழக்கே நீண்டுகொண்டே போயிற்று. பிள்ளைகள் தூளைத் தூவிக்கொண்டே போனவர்கள் அப்பாவைச் சுற்றிக்கொண்டு போய்க் கோட்டை முடித்தார்கள். அவர் அசையவில்லை, வீடு அவர்வரைக்கும் வந்துவிட்டது.

தாத்தா வீட்டுக்குள்ள வந்துட்டாரு என்று வாலு குதித்தாள். அவளுக்கு அதோடு விடத் தெரியுமா? பிளானை வாங்கிப் பார்த்து, தாத்தா சாமான் ரூம்ல இருக்காரு என்றாள். வகுப்பே சிரித்தது. அப்பாவும் சிரித்தார். சாமானுக்கு வச்ச இடத்துல நமக்கென்ன வேலை என்று சொல்லிக்கொண்டே எழுந்தார். நாற்காலியைத் தூக்கினார். கோட்டைத் தாண்டும்போது அது அழிந்துவிடக் கூடாதே என்று காலை உயர்த்தி, பார்த்துப் பார்த்து வெளியே எடுத்துவைத்தார். மிதித்துக்கொண்டு போயிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. பிள்ளைகளுக்கு முன்னால் அழக் கூடாது என்று சுண்ணாம்பு கண்ணில் விழுந்துவிட்டது என்றேன்.

கேட்டதற்குப் பதில் சொல்கிற மனிதர் நீங்கள். கேட்காததை நீங்களாக ஊகிக்க மாட்டீர்கள். அதனால் கேட்டுவிடுகிறேன். இதுவரை ஏன் கேட்கவில்லை என்றால், கேட்டால் சரி என்றுதான் சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். எனக்காகச் சொன்ன சரியா, அவருக்காகச் சொன்ன சரியா என்று தெரியாமல் ஆயுசுக்கும் தவிக்க வேண்டுமே என்றுதான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இனி மூட முடியாது. அக்காவுக்கு அப்பா இந்த மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். கொத்தனார் அங்கே கயிறு கட்டி அஸ்திவாரத்துக்குக் குறி போடுவதும் அதே சமயம்தான். பூட்டுக்கு எண்ணெய் விட்டாயிற்று.

அப்பா எங்களோடு வரட்டும். அந்த முன் அறையில் இருக்கட்டும். சாமானைப் பரண் போட்டு மேலே ஏற்றிக்கொள்ளலாம், உங்கள் சேற்றுப் பூட்ஸைப் பின்வாசலில் கழற்றலாம். சாலையைப் பார்த்து ஒரு ஜன்னல் வையுங்கள். பஸ்ஸின் முன்கண்ணாடி அளவுக்கு வேண்டாம், உட்கார்ந்தால் ஏற்றம் தெரிகிற உயரத்தில் இருந்தால் போதும். லாரிச் சத்தம் எனக்குப் பழகிவிடும். விடிந்ததும் அவர் ஒரு டிரைவரைத் திட்டுகிற குரல் கேட்காவிட்டால்தான் எனக்கு எந்த ஊரில் இருக்கிறேன் என்று தெரியாமல் போகும்.

பிளான் என்னிடம்தான் இருந்தது, சிவப்பு மையும் இருந்தது. அப்பா அறை என்று நானே எழுதியிருக்கலாம். நான் எழுதினால் அது மகள் கேட்டு வாங்கிய இடம். அவர் வர மாட்டார். வந்தாலும் நாற்காலியைக் கோட்டுக்கு வெளியேதான் போடுவார். அங்கே எழுத வேண்டிய சொல் என் கையெழுத்தில் வராது. எனக்கு அவர் அப்பா, வாலுவுக்குத் தாத்தா, இந்த வீட்டில் அவரை மாமா என்று கூப்பிடுகிறவர் நீங்கள் ஒருவர்தான்.

அதனால் பிளானை இத்துடன் வைத்திருக்கிறேன். நான் எதையும் அடிக்கவில்லை. உங்கள் மனதுக்கும் சரி என்று பட்டால் மட்டும், சாமான் அறை என்பதை அடித்துவிட்டு, மாமா அறை என்று உங்கள் கையால் எழுதி, ஜன்னலும் வரைந்து திருப்பி அனுப்புங்கள். வடக்கையும் போட்டுவிட்டால் அரை மதிப்பெண்ணைத் திருப்பித் தருகிறேன்.

நீங்கள் கட்டுகிற பாலமும் வீடும் நீங்களும் நீடூழி நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் டீச்சரம்மா

பி.கு. உறையின்மேல் என் பெயரைப் போட வேண்டாம். அப்பா பெயருக்கே அனுப்புங்கள். அவரே பிரித்துப் பார்க்கட்டும்.